அரிசிப் பலகாரம்தானே என்று கொடுத்துவிடாதீர்கள்: சீலியாக் உள்ள பிள்ளைக்குத் தின்பண்டம் தேடும் வழி

மகளுக்கு சீலியாக் என்று உறுதியான அன்று டாக்டர் சொன்னது சின்னதாகத்தான் இருந்தது: கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களும் இனி வாழ்நாள் முழுக்கக் கூடாது. இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். புட்டும் ஆப்பமும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) தின்கிற குமரி மாவட்டத்தில் இது பெரிய கஷ்டமாக இருக்காது என்று நினைத்தேன். இரண்டாவது மாதமே, கடையில் வாங்கிய முந்திரிக்கொத்து (சிறுபயறு உருண்டையை மாவில் முக்கிப் பொரிக்கும் பலகாரம்) தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் போய்க் கேட்டால் மேல்மாவு மைதாவாம். எங்கள் அம்மா அரிசிமாவில்தான் முக்கிப் பொரிப்பாள், அதனால் எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, அன்றைக்கு அப்புறம் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

சந்தேகம் வந்ததுமே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் திசுப் பரிசோதனையும் நோய் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தினால் முழுசாக நிறுத்த வேண்டும், விசேஷ நாளைக்கு ஒரு வாய் என்பதெல்லாம் கிடையாது.

படி 2: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மைதா, ஆட்டா, ரவை, சூஜி, செமோலினா, சேமியா எல்லாமே கோதுமைதான். மால்ட் என்று இருந்தால் பெரும்பாலும் பார்லி; சத்துபானப் பொடிகளிலும் கார்ன்ஃப்ளேக்ஸிலும் அதைப் பாருங்கள். 'வீட் ஃப்ரீ' என்று எழுதியிருப்பது போதாது, அதில் பார்லி இருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்றே இருக்க வேண்டும். அப்படிப் போட ஒரு கிலோ பொருளில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. பலரும் கவனிக்காத இன்னொன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். அது முறுக்கு, மிக்சர், காராச்சேவு என்று எல்லாவற்றிலும் போகும். அரிசிமாவு கலந்த பெருங்காயமும் விற்கிறார்கள், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: கடையில் மூன்று கேள்வி

"அண்ணாச்சி, இதில் கோதுமை உண்டா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மைதாவை யாரும் கோதுமையாக நினைப்பதில்லை. நான் இப்போது கேட்பது: என்ன மாவு? இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்? மாவு எங்கே திரித்தது?

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். காய், உப்பு, மஞ்சள், தேங்காயெண்ணெய், இதில் குளூட்டன் ஏது? ஆனால் அதே சட்டியில் காலையில் பழம்பஜ்ஜியோ மைதா பிஸ்கட்டோ பொரித்திருந்தால் எண்ணெயில் அதன் துணுக்குகள் கிடக்கும், எவ்வளவு கொதித்தாலும் குளூட்டன் அழியாது. அதனால் டீக்கடைப் பலகாரம் எதுவும் வேண்டாம். சிப்ஸ் மட்டுமே போடுகிற கடையாகப் பார்த்து, கண்முன்னால் காயைச் சீவி எண்ணெயில் விழுவதைப் பார்த்து வாங்குகிறேன். அச்சுமுறுக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், மைதா சேர்ப்பவர்கள் உண்டு.

படி 4: மில்லையும் வீட்டுப் பாத்திரத்தையும் மறக்காதீர்கள்

நமக்கு முன்னால் யாராவது கோதுமை திரித்திருந்தால் நம் அரிசிமாவோடு அதுவும் வந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி வீட்டு மிக்சியிலேயே பொடித்துச் சலித்துக்கொள்வேன். சல்லடை, மரக்கரண்டி, தோசைக்கல் மூன்றும் மகளுக்குத் தனி. எவர்சில்வர் பாத்திரம் நன்றாகக் கழுவினால் போதும்.

படி 5: கேள்வியே தேவையில்லாத தின்பண்டங்களை முதலில் நிரப்புங்கள்

மட்டிப்பழம், அவித்த ஏத்தன்பழம், அவித்த மரச்சீனி, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு, நுங்கு, சக்கைச்சுளை (பலாச்சுளை), அவித்த நிலக்கடலை. எந்த லேபிளும் படிக்க வேண்டாம். ஆனால் பிள்ளைக்குப் பலகாரம்தானே ஆசை, அதனால் முந்திரிக்கொத்தை வீட்டிலேயே செய்கிறேன். சிறுபயறை வாசம் வர வறுத்துத் தோல் நீக்கிக் கரகரப்பாகப் பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் கிளறி, சூடு பொறுக்கும்போதே உருட்ட வேண்டும். உருண்டைகளை இரண்டு மணி நேரமாவது காயவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். மேல்மாவுக்குப் பச்சரிசியோடு ஒரு கைப்பிடி உளுந்து ஊறவைத்து நைசாக அரைத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்து இட்லிமாவுப் பதத்தில் வையுங்கள். மைதாவின் பிசுபிசுப்பு இல்லாததால் நீர்த்தால் வழிந்துவிடும், அந்த ஒட்டும் தன்மையை உளுந்து கொடுக்கிறது. மூன்று மூன்றாகச் சேர்த்து முக்கிப் புது எண்ணெயில் போடுங்கள்.

படி 6: வெளியே பேசி வையுங்கள்

கத்தோலிக்கக் குடும்பமென்றால் புதுநன்மைக்கு (பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்) முன்பே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நற்கருணை அப்பம் கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்குத் திருச்சபை அனுமதி உண்டு. திராட்சை இரசம் மட்டும் வாங்கவும் வழி உண்டு, ஆனால் அப்பத்துண்டு போடாத தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்.

பள்ளியில் டீச்சரிடம் ஒரு டப்பா கொடுத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால் அந்த டப்பாவிலிருந்து இவளுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். வீட்டில் செய்த கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும்தான் இருக்கும். மாதக் கடைசியில் டப்பா வீட்டுக்கு வரும், கழுவிக் காயவைத்து நிரப்பி அனுப்புவேன்.