திரைவாசிப்பானோடு இணையப் பக்கங்களில் வேகமாக நகர்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் பலர், பக்கம் திறந்ததும் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவார்கள். இல்லையென்றால் டேப் விசையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். செய்திக்கு முன்னால் மெனு, விளம்பரம், பகிர்வுப் பொத்தான்கள் என்று ஒரு கூட்டமே நிற்கும். அதையெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். "இது நமக்கு ஒத்துவராது" என்று கணினியை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வங்கிக் கணக்கையும் மருத்துவச் சீட்டையும்கூட இன்னொருவர் வாயால் கேட்க வேண்டிய நிலை அதனால்தான் வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பார்வை உள்ளவர் நாளிதழை விரித்ததும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. தலைப்புகளை மேய்ந்துவிட்டு வேண்டிய இடத்துக்குப் போகிறார். காதால் படிப்பவரும் அப்படியே செய்யலாம்.

விண்டோஸில் ஓடும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானை வைத்து விளக்குகிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் இதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். இது இலவசம், தமிழ் இடைமுகமும் இருக்கிறது. ஜாஸ் (JAWS) என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம், கீழே வரும் எழுத்து விசைகளில் பல அதிலும் வேலை செய்யும்.

முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

கண்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு உடனே நிற்கும். ஷிஃப்ட் தட்டினால் இடைநிற்கும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குரல் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. வேண்டாதது காதில் விழுந்தவுடன் அடுத்த விசையைத் தட்டுங்கள்.

கட்டளைகள் பலவற்றுக்கு 'என்விடிஏ விசை' தேவை. அது இன்செர்ட் விசைதான். மடிக்கணினியில் கேப்ஸ் லாக் வசதியாக இருக்கும், என்விடிஏ தொடங்கும்போது வரும் வரவேற்புச் சாளரத்திலேயே அதைத் தேர்ந்துகொள்ளலாம். எந்த விசை என்ன செய்யும் என்று சந்தேகமா? என்விடிஏ விசையோடு 1-ஐ அழுத்துங்கள். அதன்பிறகு எதைத் தட்டினாலும் அதன் வேலையை மட்டும் சொல்லும், செய்யாது. மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

தலைப்புகளில் தாவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் 'கோலாலம்பூர்' கட்டுரையைத் திறந்து எச் விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த தலைப்பு வரும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் முந்தைய தலைப்பு. எண் 1 கட்டுரையின் பெயருக்குக் கொண்டுபோகும், எண் 2 பெரிய பிரிவுகளுக்கு, எண் 3 அவற்றின் உட்பிரிவுகளுக்கு. வேண்டிய தலைப்பு வந்ததும் கீழ் அம்புக்குறியால் படிக்கத் தொடங்கலாம். நிறுத்தாமல் படிக்க வேண்டுமென்றால் என்விடிஏ விசையோடு கீழ் அம்புக்குறி, மடிக்கணினி விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்திருந்தால் என்விடிஏ விசையோடு ஏ. கூகுள் தேடல் முடிவுகளிலும் எச் விசைதான் கைகொடுக்கும். முடிவுகள் ஒவ்வொன்றும் தலைப்பாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன.

அப்புறம் மற்ற எழுத்துகள் தானாகவே கைக்கு வந்துவிடும். இணைப்புக்குக் கே, பொத்தானுக்குப் பி, எழுதும் பெட்டிக்கு ஈ, அட்டவணைக்கு டீ. அட்டவணைக்குள் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகரலாம். நீளமான பட்டியலிலோ அட்டவணையிலோ மாட்டிக்கொண்டால் காற்புள்ளி விசை ஒரே தட்டில் அதன் முடிவுக்குக் கொண்டுபோய்விடும். இதை அதிகம் பேர் சொல்லித்தருவதில்லை.

தலைப்பே இல்லாத பக்கங்களும் இருக்கின்றன. அங்கே என் என்ற எழுத்தைத் தட்டிப் பாருங்கள். இணைப்புக் கூட்டத்தைத் தாண்டி, இணைப்பில்லாத அடுத்த உரைப்பகுதிக்குப் போகும். செய்தித் தளங்களில் பெரும்பாலும் செய்தியின் முதல் வரி அதுதான். தேடும் சொல் தெரிந்திருந்தால் என்விடிஏ விசை, கண்ட்ரோல், எஃப் மூன்றையும் அழுத்தி அந்தச் சொல்லைத் தட்டெழுதி என்டர் கொடுங்கள். என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும்.

படிவத்தில் எழுத்துகள் வேறு வேலை செய்யும்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கேட்கும் பெட்டியில் எச் என்று தட்டினால் அது எழுத்தாக விழ வேண்டும், தலைப்புக்குத் தாவக்கூடாது. அதற்காகத்தான் இரண்டு நிலைகள் இருக்கின்றன. படிப்பதற்கு உலாவும் நிலை, தட்டெழுதுவதற்குக் குவிமைய நிலை. மாறும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி வரும். அந்த இரண்டு ஒலிகளையும் காதில் பதியவைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எஃப் விசையைத் தட்டிப் படிவத்தின் முதல் பெட்டிக்குப் போய் என்டர் கொடுங்கள். குவிமைய நிலை வரும். எழுதி முடித்ததும் டேப் தட்டினால் அடுத்த பெட்டி. எஸ்கேப் தட்டினால் உலாவும் நிலைக்குத் திரும்பலாம். என்விடிஏ விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி நீங்களாகவே நிலையை மாற்றியிருந்தால் மட்டும் எஸ்கேப் போதாது, அதையே மறுபடி அழுத்த வேண்டும். எழுத்து விசைகள் எதுவும் நகராமல் 'உறைந்துபோனது' போலத் தோன்றினால் பெரும்பாலும் குவிமைய நிலையில்தான் இருப்பீர்கள்.

'அனுப்பு' பொத்தானை அழுத்துவதற்கு முன் எஸ்கேப் தட்டி, படிவத்தின் தொடக்கத்திலிருந்து அம்புக்குறியால் ஒருமுறை படியுங்கள். பெட்டிகளுக்கு நடுவே 'இந்த எண் தவறு' போன்ற குறிப்புகள் இருக்கும். டேப் மட்டுமே தட்டினால் அவை காதில் விழாமலே போய்விடும்.

மலாய்ப் பக்கத்தை எப்படிக் கேட்பது?

நம் மலேசியாவில் இது எல்லாருக்கும் வரும் சிக்கல். அரசுத் தளம் மலாயில் இருக்கும், வங்கித் தளம் ஆங்கிலத்தில், செய்தி தமிழில். பக்கத்தை உருவாக்கியவர் மொழியைச் சரியாகக் குறித்திருந்தால், என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரல் தானாகவே மொழி மாறிப் பேசும். தமிழும் மலாயும் அதில் உண்டு. குறிக்காமல் விட்டிருந்தாலோ தவறாகக் குறித்திருந்தாலோ மலாய்ச் சொற்களை ஆங்கில உச்சரிப்பில் கேட்டுத் திணறுவீர்கள். அப்போது என்விடிஏ விசை, கண்ட்ரோல், வி மூன்றையும் அழுத்துங்கள். பேச்சு அமைப்பு திறக்கும், அதில் குரலை மலாய்க்கு மாற்றிவிடலாம். வேகத்தையும் அங்கேயே கூட்டலாம். தொடக்கத்தில் மெதுவாக வையுங்கள், காது பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமாக இருக்கிறது என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள், வேகத்தைக் கூட்டினாலும் அது தெளிவாகவே கேட்கும்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் தலைப்பில் தாவும் வழி உண்டு. ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் இயங்கும்போது, இரண்டு விரல்களைத் திரையில் வைத்துக் குமிழைத் திருகுவதுபோலத் திருப்புங்கள். 'தலைப்புகள்' என்று கேட்டதும் ஒரு விரலால் கீழ்நோக்கித் தள்ளினால் அடுத்த தலைப்பு, மேல்நோக்கித் தள்ளினால் முந்தையது. புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இயங்கும்போது, மூன்று விரல்களால் மேலோ கீழோ தள்ளித் 'தலைப்புகள்' என்பதைத் தேர்ந்துகொண்டு, பிறகு ஒரு விரலால் அதேபோல் நகரலாம்.