அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டியவை

"அடுத்து என்ன படிக்கலாம்?" என்று யாராவது கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது நமக்கு உயிரான புத்தகத்தின் பெயர். கேட்டவர் அதை வாங்குகிறார், நாற்பது பக்கம் ஓட்டுகிறார், மூடி வைத்துவிடுகிறார். புத்தகத்தின் மீதும் குற்றமில்லை, அவர் மீதும் குற்றமில்லை. அவர் எதை விரும்பிப் படிப்பவர் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

நூலகத் துறைக்கு இது பழைய பாடம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்; மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்; நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. சிறந்த நூல் எது என்ற பேச்சே அந்த ஐந்தில் இல்லை.

கேட்காமலே சொல்வது

இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, "கடைசியா எந்தப் புத்தகத்தைக் கீழ வைக்க மனசில்லாம படிச்சீங்க?" இதையே "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டால் பலர் ஊரே மெச்சும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதைப் படித்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், முழுதாகப் படிக்காமலும் இருக்கலாம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னால் குறி தப்பும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பலருக்கும் கூச்சம்: "எதைப் பாதியில விட்டீங்க, எந்த இடத்துல?" ஆனால் நிறைய விஷயம் கிடைப்பது இதில்தான். முப்பது பக்கத்துக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் நடை ஒத்துவரவில்லை, அல்லது ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வந்து குவிந்து யார் யாரென்று பிடிபடவில்லை. பாதியைத் தாண்டி நின்றிருந்தால் நடையில் சிக்கலில்லை. கதை ஓட்டம் தளர்ந்திருக்கும், அல்லது அவர் யார் பின்னால் போய்க்கொண்டிருந்தாரோ அந்தப் பாத்திரம் கதையை விட்டு விலகியிருக்கும். கடைசி ஐம்பது பக்கம் மிச்சமிருக்கும்போது விட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதுப் புத்தகம் வேண்டியதில்லை, விட்டதையே மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

கதைப்பொருளை ரசனை என்று நினைத்துக்கொள்வது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒருவர் ஒரு சரித்திர நாவலை மூன்றே நாளில் முடித்தார் என்று வையுங்கள். சுற்றியிருக்கிற எல்லோரும் இன்னும் நாலு சரித்திர நாவல்களின் பெயரைச் சொல்வார்கள். அவர் படித்தது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல் என்றால் அதன் கட்டுமானமே வேறு. அத்தியாயம் சின்னது, ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் போய் நிற்கும், அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்க அப்படி எழுதியாக வேண்டியிருந்தது. அவரை இழுத்தது அரசர்களா, அந்த முடிச்சுகளா? முடிச்சுகள் என்றால் அவருக்கு அடுத்த புத்தகம் ஒரு நல்ல துப்பறியும் கதையாக இருக்கலாம். அரண்மனையும் போர்முறையும் என்றால், கதையே இல்லாமல் தெளிவாக எழுதிய ஒரு வரலாற்று நூல் பொருந்தும். அதில் வந்த ஒரே ஒரு ஆளின் மீதுதான் கண் என்றால் வாழ்க்கை வரலாறு. மெதுவாக நகரும் இன்னொரு சரித்திர நாவலைக் கொடுத்தால் இந்த மூன்று பேருமே ஏமாந்துபோவார்கள்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதை நான்கு வாசல்கள் என்பார். கதை, பாத்திரங்கள், கதை நடக்கும் களம், மொழி. எந்தப் புத்தகத்திலும் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் அகலமாகத் திறந்திருக்கும். கேட்பவர் எந்த வாசல் வழியாக வருபவர் என்று கண்டுபிடிக்க எளிய வழி, அவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசவிட்டு எதில் தொடங்குகிறார் என்று கவனிப்பது. "என்ன ஆகுதுன்னா..." என்று தொடங்குபவர் கதை வழி. "அதுல ஒரு கிழவி வருவா பாருங்க" என்பவர் பாத்திரம் வழி. "அந்தத் தீவுல எட்டு மாசம் மழை" என்று இடத்தில் தொடங்கினால் களம். கதை அவ்வளவாக நினைவில்லை, ஆனால் ஒரு வரியை அப்படியே ஒப்பிக்கிறார் என்றால் மொழி. ஐந்து நிமிஷப் பேச்சில் இது பிடிபட்டுவிடும்.

மனநிலையையும் விடக்கூடாது. கனமான நாவலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவருக்கு அதே கனத்தில் இன்னொன்று வேண்டியிருக்காது. "அதே மாதிரி வேணுமா, கொஞ்சம் மாத்தா வேணுமா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

பக்கக் கணக்கை மறப்பது

800 பக்க நாவலைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். அரை மணி நேரத்தில் 20 பக்கம் படிப்பவருக்கு அது 20 மணி நேரம். தினம் அரை மணிதான் கிடைக்கும் என்றால் 40 நாள், ஒரு நாள்கூட விடாமல். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் பெயர்கள் மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். நேரம் குறைவானவருக்கு 120 முதல் 180 பக்கத்துக்குள் முடியும் குறுநாவல் பொருந்தும். துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும் என்பவருக்கு ஒரே அமர்வில் ஒரு கதை முடிந்துவிடும் சிறுகதைத் தொகுப்பு.

ஒரு எழுத்தாளரை முதல்முறை அறிமுகப்படுத்தும்போது அவருடைய ஆகப்பெரிய படைப்பிலிருந்து தொடங்குவதும் இதே வகைத் தவறு. அந்த நடையோடு முன்பழக்கம் இருப்பவர்களுக்குத்தான் அது முழுதாகத் திறக்கும். முதலில் அவருடைய ஒரு சிறுகதை, பிறகு ஒரு சின்ன நாவல், அதற்கப்புறம் பெரியது.

பத்துப் பெயரை அள்ளிக் கொடுப்பது

நீண்ட பட்டியல் கொடுப்பவருக்குத்தான் சந்தோஷம். வாங்கியவர் அதைக் கைபேசியில் போட்டு வைப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். மூன்று போதும்: அவர் ரசித்ததற்கு மிக அருகில் ஒன்று, ஒரு வாசல் மட்டும் ஒத்துப்போகிற ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று. எதிலிருந்து தொடங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "அருமையான நாவல், கண்டிப்பா படிங்க" என்பதில் தகவலே இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "150 பக்கம். ஒரு கலங்கரை விளக்கக் காவலர், ஒரே ராத்திரி. சம்பவம் குறைவு, அவர் மனசுக்குள்ள நடக்கிறதுதான் எல்லாம். முதல் 20 பக்கம் மெதுவா போகும், ரெண்டாவது அத்தியாயத்துல பிடிச்சுக்கும்." அளவு, களம், வேகம், எங்கே பொறுமை வேண்டும் என நான்கும் இதில் வந்துவிட்டன. பிடிக்காது என்று தோன்றினால் கேட்டவரே அங்கேயே மறுத்துவிடலாம். அப்படி மறுப்பதும் நல்லதே, ஒரு வாரம் மிச்சம்.

"முடிவுல ஒரு திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். திருப்பம் இருக்கிறது என்று தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலிருந்தே அதைத் தேடிக்கொண்டிருப்பார். நடுவில் வரும் அத்தனையும் அவருக்குத் துப்பாகத்தான் தெரியும்.

அதே நேரம், சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. குழந்தையின் சாவு, தற்கொலை, பாலியல் வன்முறை, நீண்ட நோய் இவை கதையில் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டில் துக்கம் நடந்த ஒருவர் தெரியாமல் அந்தப் பக்கத்தில் போய் முட்டிக்கொள்வது கொடுமை. யார், எப்போது, எப்படி என்ற விவரமெல்லாம் வேண்டாம், "இதுல இப்படி ஒரு விஷயம் வரும்" என்றால் போதும்.

வெறும் பெயரோடு நிறுத்துவது

ஒரே தலைப்பில் சுருக்கப் பதிப்பும் முழுப் பதிப்பும் இருக்கும். சுருக்கத்தை வாங்கியவர் நாம் வியந்த காட்சியையே காணாமல், இதில் என்ன இருக்கிறது என்பார். மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் சிபாரிசில் ஒரு பாதி; ஒருவர் கையில் ஓடுகிற நாவல் இன்னொருவர் கையில் கட்டைபோட்டு நிற்கும். தொடர்வரிசை நூல்களில் எது முதல் என்று சொல்ல வேண்டும். பின்னால் எழுதிய முன்கதையைக் கதைக் காலப்படி முதலில் படித்தால், மூல நூல் மறைத்து வைத்திருந்த ரகசியங்கள் அங்கேயே அவிழ்ந்துவிடக்கூடும். அதனால் முதல் வாசிப்புக்கு வெளியான வரிசையே பத்திரம். புத்தகம் இப்போது அச்சில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லும்போது

அட்டையில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையையே படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் தனியாகப் படிக்க அது கடினம், பெரியவர் கூட உட்கார்ந்து வாசிக்கலாம். அறிவுரைக்காகவே எழுதிய புத்தகத்தைக் கையில் திணிப்பதும், படித்ததையே ஆறாவது தடவை படிக்கும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்குவதும் வாசிப்பை நேரடியாகக் கெடுக்கும். மூன்று புத்தகங்களைப் பரப்பி வைத்து, எடுப்பதைக் குழந்தையிடமே விடுங்கள்.

கொடுத்த பிறகு

"படிச்சாச்சா?" என்று வாராவாரம் கேட்டால் புத்தகம் கடனாகிவிடும். சொந்தப் பிரதியை இரவல் கொடுத்திருந்தால் இந்தச் சுமை இரட்டிப்பு. விட்டுவிடவும் அனுமதி உண்டு என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பேர்ல் இதற்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்: 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து, மீதி வரும் பக்கம் வரை படித்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம்.

அவரே வந்து "ஓடலைங்க" என்று சொன்னால் புத்தகத்துக்காக வாதாட வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்றார் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த புத்தகத்தை அங்கிருந்து தேடலாம்.