லண்டன் வீட்டுத் தோட்டத்தில் கோழி: கூடு வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வீடு வாங்கிய தம்பி ஒருவர், "அண்ணா, கூடு சரியா என்று வந்து பாருங்கள்" என்று போன சனிக்கிழமை கூப்பிட்டார். கூட்டைப் பார்க்கும் முன்பே கேட்டேன்: "வீட்டுப் பத்திரத்தைப் படித்தீர்களா?" அவர் படிக்கவில்லை. முதன்முதலில் கோழி வாங்கியபோது நானும் படிக்கவில்லை. நரி, தண்ணீர், துப்புரவு பற்றி எல்லோரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கவுன்சிலைக் கேட்டதோடு நிறுத்துவது

இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. "வீட்டுத் தேவைக்கு நாலைந்து கோழி வைக்கத் தடையில்லை" என்றது கவுன்சில். உண்மைதான். அதை நம்பி 640 பவுண்டுக்குக் கூடும் கம்பிவலையும் போட்டேன். ஆறாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. 1930களில் எங்கள் தெருவைக் கட்டியவர்கள், பன்றியோ கோழியோ வளர்க்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். வீடு எத்தனை கை மாறினாலும் அந்த நிபந்தனை கூடவே வருகிறது. கவுன்சிலுக்கு அதில் வேலையே இல்லை. நிபந்தனையால் பயன்பெறும் அயலவர் நேரே நீதிமன்றம் போகலாம். நான்கு கோழிகளையும் கொடுத்துவிட்டேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவு அலுவலகத்தில் சில பவுண்டுகளுக்கு வீட்டின் பதிவேட்டு நகல் கிடைக்கும். அதன் மூன்றாம் பகுதியைப் படியுங்கள். சில வீடுகளுக்கு அங்கே நிபந்தனையின் வாசகம் இருக்காது. பழைய பத்திரம் ஒன்றின் தேதி மட்டும் இருக்கும். அந்தப் பத்திரத்தையும் தனியாக வாங்கிப் படியுங்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது படியைத்தான்.

பத்திரம் தடுத்தால் அலாட்மெண்ட், அதாவது காய்கறி பயிரிடக் குத்தகைக்குக் கிடைக்கும் சிறு நிலத்துண்டு, இருக்கிறது. குத்தகை என்ன சொன்னாலும், அங்கே சொந்தத் தேவைக்குப் பெட்டைக்கோழி வைக்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இப்போது நான் வைத்திருக்கும் கோழிகள் அங்கேதான் நிற்கின்றன.

சேவல்

வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையில்லை.

பதிவு

ஒரே ஒரு கோழி என்றாலும் அரசிடம் பதிவது கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் இதுதான் சட்டம். வாங்கிய ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள்.

மிச்சச் சோறு

முற்றத்துக் கோழிக்குச் சோறு போட்டு வளர்ந்த நமக்கு இது கசக்கும். ஆனால் சமையலறைக்குள் போய் வந்த எதையும், காய்கறித் தோலைக்கூட, இங்கே கோழிக்குப் போடக் கூடாது. முழுக்க வீகனாக, அதாவது இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாமல், இருக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2001இல் நாட்டையே உலுக்கிய கோமாரி நோய், பன்றிகளுக்குப் போட்ட எச்சில் உணவிலிருந்துதான் தொடங்கியது. தோட்டத்துக் கீரையைப் பிடுங்கினால், வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேரே கூட்டுக்குள் போடுங்கள்.