மலை ஏரிக்கரையில் ஓர் இரவு தங்க: சில நடைமுறைக் குறிப்புகள்
தொலைதூர மலை ஏரிக்கு ஏறிச் சென்று ஓர் இரவு தங்க விரும்புவோர், முதுகுப்பையின் எடையைத் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைக்கும் பொருள்களே செங்குத்தான ஏற்றத்தில் முழங்காலைப் பதம் பார்க்கும். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், விடியற்காலையில் புறப்பட்டு, மரங்களற்ற திறந்த சரிவுகளை நண்பகலுக்குள் கடந்துவிடுவது நல்லது.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், வெறும் களைப்பு என்று ஒதுக்காமல் ஏறுவதை நிறுத்த வேண்டும். நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

கூடாரத்தைக் கரையிலேயே அடிக்கும் ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், விடியும்போது கரையோரக் கூடாரத்தின் உட்புறம் நனைந்து சொட்டும்; 60 மீட்டராவது தள்ளி, சற்றே மேடான இடத்தில் அடித்தால் குளிரும் குறையும், நீரும் மாசுபடாது. பளிங்குபோல் தெரிந்தாலும் ஏரி நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால், 2,000 மீட்டருக்கு மேல், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின்னும் 3 நிமிடம் அடுப்பிலேயே இருக்கட்டும்.