சூப்பர்ஜூம் கேமரா: லென்ஸைக் குறை சொல்லும் முன்

நவம்பர் பிறந்ததும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்து ஓரமும் வேடந்தாங்கல் ஏரிக்கரையும் பறவைப் படம் எடுக்க வருவோரின் புது சூப்பர்ஜூம் கேமராக்களால் (லென்ஸ் மாற்றாமலேயே வெகு தொலைவை அருகே இழுப்பவை) நிறைந்துவிடும். நிக்கான் பி900, பி1000, கேனான் எஸ்எக்ஸ்70 என்று ஏதாவது ஒன்று கழுத்தில் தொங்கும். நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் புதியவர்களும் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டில் விட்டு வருவது போன்றவற்றைத் தொடப் போவதில்லை. ஒரு முறை பட்டால் தானே திருந்திவிடும். பட்ட பிறகும் காரணம் பிடிபடாத தவறுகள்தான் ஆபத்தானவை.

உச்சி வெயிலில் அக்கரைப் பறவை

பி900இன் ஜூம் 83 மடங்கு. லென்ஸின் குவியத் தூரம் 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ.க்கு இணையான அளவு வரை நீளும். பி1000 இன்னும் மேலே, 3000 வரை. இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வாங்கிய கையோடு அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரையைத் தேடிப் பிடித்து, முழு ஜூமில் எடுக்கிறோம், அதுவும் காலை பதினொரு மணிக்கு மேல். படம் குழைந்து, இறகும் கண்ணும் கரைந்து வருகிறது. உடனே கேமரா மேல் சந்தேகம்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் பழவேற்காட்டில் நண்பகலில் எடுத்த படங்களைக் காட்டி, லென்ஸ் சரியில்லை என்று பழுதுபார்க்கக் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. அதை நம்பாமல் பாதி விலைக்கு விற்றார். மேலும் பணம் போட்டு, இன்னும் நீளமான ஜூம் உள்ள கேமரா வாங்கினார். அதே இடம், அதே வெயில், அதே மங்கல். அவரிடம் பழைய கேமராவை வாங்கியவரோ, விடிந்தவுடன் குளக்கரையில் உட்கார்ந்து மீன்கொத்தியின் அலகில் தொங்கும் நீர்த்துளியைக்கூடத் தெளிவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல கருவி இப்படிக் கைமாறிப் போவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கும்.

படத்தைக் கெடுத்தது கானல். வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது, அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி மேலெழுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. கோடையில் தார்ச்சாலைக்கு மேல் காட்சி நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். சாதாரண லென்ஸில் அந்த நெளிவு தெரியாது. 83 மடங்கு ஜூம் பறவையைப் பெரிதாக்கும்போது நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

இதற்கு ட்ரைபாட் உதவாது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் அதிர்வுக் கட்டுப்பாடும் உதவாது, ஏனென்றால் படத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக அசைகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் நெளிந்த உருவம்தான் உறைந்து கிடைக்கும். விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். கேமராவை அசையாமல் வைத்து, அசையாத பொருள் ஒன்றைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒரே விளிம்பு ஒரு படத்தில் நேராகவும் அடுத்ததில் வளைந்தும் இருந்தால் காற்றுதான் காரணம். மறுநாள் விடியலில், முப்பது அடி தூரத்தில் இருக்கும் இலையை முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள். நரம்பு நரம்பாக வந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது.

காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மேகமூட்டமான நாளும் மழை விட்ட பொழுதும் கூடுதல் நேரம் தரும். பள்ளிக்கரணையில் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, கொதிக்கும் தார்ப்பரப்பைத் தாண்டி எடுக்காதீர்கள். வேடந்தாங்கலில் பார்வைக் கோபுரத்தில் ஏறினால் தரையை ஒட்டிய சூட்டைக் கொஞ்சம் தவிர்க்கலாம். ஏசி காரின் கண்ணாடியை இறக்கி உடனே எடுப்பதும் வேண்டாம். குளிரும் சூடும் ஜன்னலிலேயே கலந்து அங்கேயே கானல் உண்டாகும்.

அப்புறம், நீண்ட ஜூம் சிறப்பாக வேலை செய்வது அருகிலிருக்கும் சின்னப் பறவையிடம்தான். முப்பது அடியில் உட்கார்ந்த தேன்சிட்டுக்குத்தான் அந்த 2000 மி.மீ. அக்கரைப் பறவை என்ன இனம் என்று அடையாளம் காணவும் பயன்படும். ஆனால் சுவரில் மாட்டும் படம் கிடைக்காது.

டிஜிட்டல் ஜூம்

லென்ஸ் நீளாமல், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இது. மெனுவில் அணைத்துவிடுங்கள்.

அதிர்வுக் கட்டுப்பாட்டை நம்பி மெதுவான ஷட்டர்

அது தாங்குவது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே. தலையைத் திருப்பும் பறவைக்கு அது ஒன்றும் செய்யாது. ஆட்டோவில் விட்டால் கேமரா சில நேரம் 1/60 நொடிக்குக்கூட இறங்கிவிடும். உட்கார்ந்த பறவைக்கு 1/250க்குக் கீழே போகாதீர்கள், பறப்பதற்கு 1/1000 வேண்டும்.

அப்போது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறுமே என்பீர்கள். ஏறும். இந்தக் கேமராக்களில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. தான். பெரிய முழுச்சட்டகக் கேமராவில் (ஃபுல் ஃபிரேம்) இருக்கும் சென்சாரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 800ஐத் தாண்டினால் இறகின் நுணுக்கம் போய்விடும். போதாக்குறைக்கு பி900இல் ஒளி நுழையும் லென்ஸ் துளை (எண் கூடினால் துளை சிறிது) எஃப்/2.8 ஆக இருப்பது முழு ஜூமில் எஃப்/6.5 ஆகிவிடுகிறது, அதாவது வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சம் போதவில்லையா, ஜூமைக் கொஞ்சம் குறையுங்கள். துளையை எஃப்/8 வரை மூடினால் கூர்மை கூடும் என்பது பெரிய கேமராக்காரர்களின் அறிவுரை. இவ்வளவு சிறிய சென்சாரில் அது கூர்மையைக் குறைக்கவே செய்யும்.

பறவையைத் தொலைப்பது

முழு ஜூமில் பறவை சட்டத்தை விட்டு நழுவினால் மறுபடி தேடிப் பிடிப்பது கடினம். அதற்காகவே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். வாங்கி மாதக்கணக்கான பிறகும் அது எதற்கென்று தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு மாடியில் காக்கையை வைத்தே பழகுங்கள்.

மலிவான யூவி ஃபில்டர்

பாதுகாப்புக்கென்று லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி இது. கழற்றுங்கள்.

கூட்டுக்கு அருகே போவது

ஜூம் கையில் இருக்கும்போது இதற்கு மன்னிப்பே கிடையாது.

பௌர்ணமி நிலா

எல்லோரும் முழு நிலவன்றுதான் மாடிக்கு ஓடுகிறார்கள். அன்று ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இல்லை, நிலா தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில் எடுங்கள். ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்கள் ஆழத்தோடு எழுந்து நிற்கும். அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது வேண்டாம், அங்கே காற்று மிகத் தடிமன். உச்சியில் இருக்கும்போது ஐஎஸ்ஓ 100, எஃப்/6.5, ஷட்டர் 1/100 என்று தொடங்கி, நிலா வெளுத்துப் போனால் வேகத்தைக் கூட்டுங்கள். ட்ரைபாடில் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். நிலா சுமார் இரண்டு நிமிடத்தில் தன் அகல அளவுக்கு நகர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி சட்டத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.