ப்ரீ-மெட் படிப்பின் நடுவில் ஊர் மாறுகிறவர்களுக்கு: பழைய கேம்பஸை விட்டுக் கிளம்பும் முன்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு முன் இளங்கலைப் பட்டம் படிக்க வேண்டும், அதற்கான தயாரிப்புப் படிப்புதான் ப்ரீ-மெட். அதில் நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவின் வேலை சியாட்டிலிலிருந்து டெக்சாஸுக்கு மாறியது. பழைய பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டை இரண்டு செமஸ்டராக அல்ல, மூன்று குவார்ட்டராகப் பிரித்திருந்தார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் மூன்று குவார்ட்டர்களில் இரண்டை முடித்திருந்தேன். மூன்றாவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மார்ச்சிலேயே வீட்டாரோடு கிளம்பிவிட்டேன். செய்த தவறுகளில் விலை அதிகமானது அதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடராக வரும் பாடத்தை நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான். 5 கிரெடிட் பாடம் 3.33 ஆகச் சுருங்கிவிடும். என்னுடைய இரண்டு குவார்ட்டர்களைப் புது பல்கலைக்கழகம் முதல் செமஸ்டர் ஆர்கானிக்காக மட்டும் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் செமஸ்டரை முழுதாக எடுத்தேன். பாதி ஏற்கெனவே படித்தது. மீதிக்கு அடிப்படையான இரண்டு அத்தியாயங்களை அந்த வகுப்பு முதல் செமஸ்டரிலேயே முடித்திருந்தது, நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. தோழி வீட்டில் ஓர் அறை கேட்டு ஜூன் வரை தங்கியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. பொதுவான கெமிஸ்ட்ரிக்கும் பிசிக்ஸுக்கும் இதே கதைதான். பருவத்தின் நடுவில் கிளம்புவது இதைவிட மோசம். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், வரிசையாக 'டபிள்யூ' (பாதியில் விலகியதற்கான குறி) விழும், பிறகு ஒவ்வோர் இன்டர்வியூவிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, மாறத்தான் வேண்டுமா? குடும்பம் போனால் நீங்களும் போயே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பணத்தையும் மாநிலத்தையும் சேர்த்து யோசியுங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் பெற்றோரின் மாநிலம்தான் கணக்கு. புது மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கப் பொதுவாக 12 மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பழைய இடத்திலேயே தொடர்ந்தால் கட்டணம் மாறுமா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சுப் பதில் பின்னால் உதவாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீத இடத்துக்கு மேல் கிடையாது. உள்ளூர்க்காரராக விண்ணப்பிப்பதற்கும் வெளியாளாக விண்ணப்பிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலேயே நான் மட்டும் தங்கியிருந்தாலும், பெற்றோரின் வீடு டெக்சாஸில் என்பதால், அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முன்னுரிமை தருகிற ஐந்து மாநிலங்களில் என் வீடு இருந்திருக்காது. ஆக, இளங்கலைப் பட்டத்துக்காக மட்டும் அல்ல, அதற்கு அடுத்த கட்டத்துக்கும் உங்கள் வீடு எந்த மாநிலத்தில் என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம், அப்பாவின் சம்பளச் சீட்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் உள்ள தேதிகளை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, பாடத்திட்டங்கள். எடுத்த ஒவ்வோர் அறிவியல் பாடத்தின் சிலபஸையும் லேப் அட்டவணையையும் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள், பல்கலைக்கழகக் கணக்கில் அல்ல, உங்கள் சொந்தக் கணக்கில். கிளம்புகிற அவசரத்தில் என் லேப் நோட்டுகளை அம்மா பழைய பேப்பரோடு ரீசைக்கிள் தொட்டியில் போட்டுவிட்டார். "எழுதி முடிச்ச நோட்டுதானடி?" என்றார். அதற்குள் பழைய கணக்கும் மூடப்பட்டுவிட்டது. புது இடத்தில் என் பயாலஜி பாடத்தை வெறும் 'எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்று பதிந்தபோது, லேப் இருந்தது என்று நிரூபிக்கக் கையில் எதுவும் இல்லை. பழைய துறை அலுவலகத்துக்கு எழுதி, சிலபஸ் வாங்கி, மேல்முறையீடு செய்து மாற்ற ஆறு வாரம் ஆனது. அதற்குள் அடுத்த நிலை பயாலஜி வகுப்பு நிரம்பிவிட்டது. பழைய மாணவர்கள் பதிந்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் நம் முறை வரும், அதனால் ஒரு வாரத் தாமதம்கூட லேப் இடத்தைப் பறித்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கும். இரண்டாம் ஆண்டிலேயே கேட்பதா என்று தோன்றும். கேட்டுவிடுங்கள். எந்தப் பேராசிரியரின் அலுவலக நேரத்துக்கு அடிக்கடி போனீர்களோ அவரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். கடிதங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்ஃபோலியோ போன்ற சேவையில் கடிதத்தை இப்போதே ஏற்றிவைக்கலாம், விண்ணப்பிக்கும் ஆண்டில் தேதியைப் புதுப்பித்துத் தரச் சொல்லலாம். இரண்டு வருடம் கழித்து எழுதினால் அவர் நினைவில் நீங்கள் முந்நூறு முகங்களில் ஒரு முகம்.

மருத்துவமனைத் தன்னார்வப் பணி, ஷேடோயிங் (மருத்துவர் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்ப்பது), ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரு தாள் போடுங்கள்: தொடங்கிய தேதி, முடித்த தேதி, மணிக்கணக்கு, பொறுப்பாளரின் பெயர், மின்னஞ்சல். பல மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஏஎம்காஸ் விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம், தொடர்புக்கு யார் என்று கேட்பார்கள். தடுப்பூசிப் பதிவுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். புது ஊர் மருத்துவமனையில் சேரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

புது இடத்தில் முதல் செமஸ்டரை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். 12, 13 கிரெடிட் போதும், லேபோடு வரும் அறிவியல் பாடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவது பலருக்கும் நடக்கிறது, எனக்கும் நடந்தது. அந்தக் கோடையிலேயே மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பயோகெமிஸ்ட்ரி முடிக்காமல் அதில் உட்காருவது வீண். தேர்வு ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை பல நாட்களில் நடக்கிறது, ஓர் ஆண்டில் மூன்று முறைதான் எழுதலாம், வாழ்நாளில் ஏழு முறை.

விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் தனிக்கட்டுரையில் இடமாற்றத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஏஎம்காஸ் தருவது 5,300 எழுத்துகள், டெக்சாஸின் தனி விண்ணப்பச் சேவையான டிஎம்டிஎஸ்ஏஎஸ் தருவது 5,000, இடைவெளிகளையும் சேர்த்து. குடும்பம் இடம் மாறியது என்று ஒரு வரி போதும், வேண்டுமென்றால் இன்டர்வியூவில் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியாக ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி. புது பல்கலைக்கழகம் பெரும்பாலும் கிரெடிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும், மதிப்பெண்ணை எடுக்காது. பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது போல இருக்கும். நம்பிவிடாதீர்கள். படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்ணையும் விண்ணப்பச் சேவை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும், திரும்பப் படித்த பாடமானால் இரண்டு முறையும் சேரும். பள்ளியில் இருந்தபோது எடுத்த கல்லூரிப் பாடங்களும் இதில் அடக்கம். வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட் என்ற திட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவர் கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாம். நானும் ஓர் ஆங்கிலப் பாடம் எடுத்திருந்தேன், அடியோடு மறந்தும் போயிருந்தேன். விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அந்த மூன்றாவது டிரான்ஸ்கிரிப்டைத் தேடி ஓடினேன். பதினாறு வயதில் நாலுக்கு வாங்கிய 2.9, அப்படியே உட்கார்ந்திருந்தது.