சிக்குன்குனியா ப்ராஜெக்டுக்குப் பேப்பர் தேடுவது எப்படி?

மைக்ரோபயாலஜி படிக்கிறவர்களுக்குக் கடைசி ஆண்டு வந்ததும் கைடு ஒரு தலைப்பைக் கொடுத்து, "முதலில் ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சர் எழுதிக்கொண்டு வா" என்பார். அதாவது, அந்தத் தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளின் தொகுப்பு. எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கூகுளில் தலைப்பை அப்படியே அடித்து, முதலில் வருகிற நாலைந்து பிடிஎஃப்பை இறக்கி, அவற்றில் இருக்கும் மேற்கோள்களைத் தானே படித்தது போலப் போட்டுவிடும் வழக்கம் இப்படித்தான் வருகிறது. வைவாவில் "இந்தப் பேப்பரில் என்ன முறையில் செய்திருக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், கதை முடிந்தது.

அதனால் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து தேடிக் காட்டுகிறேன். தலைப்பு, சிக்குன்குனியா வைரஸ். 1952-இல் இன்றைய தான்சானியாவில் அடையாளம் காணப்பட்டது, 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி பக்கமும் பரவியது, பிறகு நீண்ட காலம் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்துவிட்டு 2005-இன் கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. பழைய பேப்பரும் உண்டு, புதிய பேப்பரும் உண்டு என்பதால் பழகுவதற்கு நல்ல தலைப்பு. உங்களுடையது மருத்துவமனைக் கிளெப்சியெல்லா பாக்டீரியாவாக இருந்தாலும் தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவாக இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"சிக்குன்குனியா – ஓர் ஆய்வு" என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது, ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதைக் கொஞ்சம் குறுக்குங்கள்: "2005-க்குப் பிறகு தென்னிந்தியாவில் பரவிய சிக்குன்குனியா வைரஸ்களில் இ1 புரதத்தின் ஏ226வி மாற்றம் எங்கெங்கே காணப்பட்டது?" இ1 என்பது வைரஸின் வெளிப்புறத்தில் இருக்கும் ஒரு புரதம், ஏ226வி என்றால் அதன் 226-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வந்திருக்கிறது என்று பொருள். இந்த மாற்றம் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவில் வைரஸ் நன்றாகப் பெருக உதவுகிறது. இந்தியாவில் 2005-06-இல் பரவிய வைரஸில் அது காணப்படவில்லை, 2007-இல் கேரளத்தில் காணப்பட்டது. கேள்வியில் வைரஸ் எது, இடம் எது, காலம் எது, பார்க்கப்போவது எது என்ற நாலும் வந்துவிட்டதா? சரி, போதும்.

படி 2: பெயர்ப் பட்டியல் போடுங்கள்

நுண்ணுயிரியலில் தேடல் சொதப்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் உங்கள் கிருமிக்கு இதுவரை இருந்த எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள்.

சிக்குன்குனியா வைரஸ் என்ற முழுப்பெயர் ஒன்று, அதன் ஐந்தெழுத்து ஆங்கிலச் சுருக்கம் ஒன்று. வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழுவான ஐசிடிவி இப்போது வைரஸ் இனங்களுக்கும் இரட்டைப் பெயர் வைக்கிறது, அந்தக் கணக்கில் இது ஆல்ஃபாவைரஸ் சிக்குன்குனியா. ஐசிடிவி தளத்தில் ஒரு வைரஸின் இப்போதைய பெயரும் பழைய பெயர்களும் இலவசமாகவே கிடைக்கும். கொசுவுக்கும் இதே கதை: 2004-ஐ ஒட்டி ஏடிஸ் பேரினத்தைப் பிரித்ததில் சில ஆண்டுகள் ஸ்டெகோமையா என்ற பெயரிலும் பேப்பர்கள் வந்தன. பழைய காலத்து ஆய்வாளர்கள் தலைப்பில் "டெங்கு போன்ற காய்ச்சல்" என்றும் எழுதியிருப்பார்கள். இடப்பெயரை மறந்துவிடாதீர்கள். 1964-இல் தமிழ்நாடு என்ற பெயரில் மாநிலம் கிடையாது, மதராஸ் மாநிலம்தான். சென்னை, புதுச்சேரி, கொல்கத்தா என்று மட்டும் அடித்தால் மெட்ராஸ், பாண்டிச்சேரி, கல்கத்தா என்று அச்சான பேப்பர்கள் நழுவிவிடும்.

பாக்டீரியா எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020-இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை உடைத்து 23 புதிய பேரினங்களை உண்டாக்கினார்கள். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் இப்போது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம் (சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கும்). எண்டரோபாக்டர் ஏரோஜீன்ஸ் இப்போது கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ். புதுப் பெயரை மட்டும் தேடினால் ஐம்பது ஆண்டு வேலை காணாமல் போகும், பழைய பெயரை மட்டும் தேடினால் அண்மைக் காலப் பேப்பர்கள் வராது. பாக்டீரியாப் பெயர்களைச் சரிபார்க்க எல்பிஎஸ்என் என்ற இலவசத் தளம் இருக்கிறது.

படி 3: கல்லூரி நூலக அலமாரி

நேராக ஜர்னலுக்குத் தாவாதீர்கள். முதலில் பாடநூலில் ஓர் அத்தியாயம், அப்புறம் ஒரு ரெவ்யூ கட்டுரை (பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது), அதற்கப்புறம்தான் மூல ஆய்வுகள். அடிப்படை தெரியாமல் பேப்பர் படித்தால் மூன்றாவது வரியிலேயே தூக்கம் வந்துவிடும்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறை உள்ள நூலகம் என்றால் நுண்ணுயிரியல் 579-இல் இருக்கும். அதில் வைரஸ் 579.2, பாக்டீரியா 579.3. ஆனால் டூயியின் பழைய பதிப்புகளில் நுண்ணுயிரியலின் எண் 576. பல நூலகங்களில் பழைய புத்தகங்களின் எண்ணை மாற்றாமல் அப்படியே விட்டிருப்பார்கள், ஆகவே இரண்டு இடத்திலும் பாருங்கள். நோய் பற்றிய நூல்கள் 616.9-லும், பொதுச் சுகாதாரம், கொள்ளைநோய்ப் பரவல் பற்றியவை 614-லும் தனியாக இருக்கும். ஒரே வைரஸுக்கு மூன்று அலமாரி என்றால் எரிச்சலாகத்தான் இருக்கும், என்ன செய்வது. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஆங்கில எழுத்தில் தொடங்கும் வேறு முறை இருக்கலாம், அங்கே கியூடபிள்யூ என்ற பிரிவைக் கேளுங்கள்.

பரீட்சைக்கு நாம் படிக்கும் அனந்தநாராயண்-பணிக்கர் பாடநூல் அறிமுகத்துக்குச் சரி, ப்ராஜெக்டுக்குப் போதாது. ஃபீல்ட்ஸ் வைராலஜி போன்ற பெரிய நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை அதிகம் என்பதால் ரெஃபரன்ஸ் பகுதியில் பூட்டி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கல்லூரியில் இல்லையென்றால் சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமானால் அமெரிக்க அரசின் என்சிபிஐ புக்ஷெல்ஃபில் முழு நூல்களே இலவசமாக உள்ளன. வைரஸின் மரபணு அமைப்பையும் அது செல்லுக்குள் பெருகும் விதத்தையும் படத்துடன் ஒரே பக்கத்தில் பார்க்க, சுவிட்சர்லாந்துக்காரர்கள் நடத்தும் வைரல்ஸோன் தளத்துக்குப் போங்கள். வகுப்பில் புரியாதது அங்கே புரியும்.

படி 4: பப்மெட்

உயிர்மருத்துவப் பேப்பர்களைத் தேடப் பப்மெட்தான் முதல் இடம், காசு கிடையாது. ஆனால் அது ஒரு பட்டியல் மட்டுமே, பேப்பர் முழுசாக அதற்குள் இருக்காது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பப்மெட்டில் மெஷ் என்ற பொருட்சொல் அகராதி உண்டு. ஒரு பேப்பரில் என்ன பெயர் போட்டிருந்தாலும், அது எதைப் பற்றியது என்று பார்த்து ஒரே பொருட்சொல்லின் கீழ் கொண்டுவருவார்கள். சிக்குன்குனியா வைரஸ் ஒரு மெஷ் சொல், சிக்குன்குனியா காய்ச்சல் வேறொரு மெஷ் சொல். கிருமியைத் தேடுகிறீர்களா, நோயையா என்று முடிவு செய்யுங்கள், அல்லது இரண்டையும் சேருங்கள். புத்தம்புதிய பேப்பர்களுக்கு மெஷ் இன்னும் போட்டிராமல் இருக்கலாம், சில பேப்பர்களுக்குப் போடுவதே இல்லை. ஆகவே மெஷ் சொல்லோடு நிறுத்தாமல், படி 2-இல் எழுதிய பெயர்களைத் தலைப்பிலும் அப்ஸ்ட்ராக்டிலும் (பேப்பரின் சுருக்கம்) தேடுமாறு கொடுங்கள்.

ஒரே பொருளுக்கான பல பெயர்களுக்கு நடுவில் "ஆர்" (அல்லது), வெவ்வேறு பொருளுக்கு நடுவில் "ஆண்ட்" (மற்றும்). இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், ஒரு பொருளின் பெயர்களையெல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். நம் கேள்விக்கு: (வைரஸின் பெயர்கள்) ஆண்ட் (இந்தியா ஆர் தமிழ்நாடு ஆர் மெட்ராஸ் ஆர் கேரளா) ஆண்ட் (மியூட்டேஷன் ஆர் ஜீனோடைப் ஆர் ஏ226வி). எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்க்காதீர்கள். முதலில் வைரஸ் மட்டும், அப்புறம் இடம், அப்புறம் மூன்றாவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் எந்தச் சொல் போட்டதும் எண்ணிக்கை சடாரென்று விழுகிறது என்று தெரியும், பிரச்சினை எங்கே என்றும் தெரியும். வந்த பட்டியலை இடப்பக்கம் இருக்கும் வடிகட்டியில் "ரெவ்யூ" என்று சுருக்கி, அண்மையில் வந்த ஒன்றிரண்டை முதலில் படியுங்கள்.

பழைய பேப்பர் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1975-க்கு முந்தைய பதிவுகளுக்குப் பொதுவாக அப்ஸ்ட்ராக்ட் இருக்காது, தலைப்பு மட்டும்தான். 1964 பரவலைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1965-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சில் எழுதினார்கள். அதைப் பிடிக்க வேண்டுமானால் தலைப்பில் வரக்கூடிய சொற்களை மட்டும் வைத்துச் சின்னதாகத் தேடுங்கள்.

ஒரு நல்ல பேப்பர் கிடைத்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போகலாம். ஏ226வி மாற்றம் கொசுவில் என்ன செய்கிறது என்று காட்டிய கட்டுரை 2007-இல் பிளாஸ் பேத்தஜன்ஸில் வந்தது. அதன் மேற்கோள்கள் பின்னோக்கி அழைத்துப் போகும், அதை மேற்கோள் காட்டிய பிந்தைய பேப்பர்களின் பட்டியலான "சைட்டட் பை" முன்னோக்கி. இந்த வேலைக்கு மட்டும் கூகுள் ஸ்காலர் பப்மெட்டைவிட நன்றாக இருக்கிறது.

படி 5: முழுப் பேப்பரைக் கையில் வாங்குவது

பக்கத்தைத் திறந்ததும் முப்பது, நாற்பது டாலர் கேட்கும். ஒரு பைசா கொடுக்காதீர்கள். பப்மெட் சென்ட்ரல், ஐரோப்பா பிஎம்சி இரண்டிலும் முழுப் பேப்பர் இலவசம். அன்பேவால் என்ற பிரௌசர் நீட்சியைப் போட்டுவைத்தால், சட்டப்படி இலவசமான பிரதி எங்காவது இருந்தால் காட்டிக் கொடுக்கும். பிளாஸ் நெக்லெக்டட் டிராபிக்கல் டிசீசஸ், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிடும் எமர்ஜிங் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் ஆகியவை முழுக்கவே இலவசம். சிக்குன்குனியாவுக்கு இரண்டும் சுரங்கம்.

அடுத்து சந்தா. மத்திய அரசின் ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் 2025 ஜனவரி முதல் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள், மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டு இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே இருக்கிறவர்கள் உண்டு. உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்றால் இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கான மின்-ஜர்னல் திட்டம்) லாகின் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். "பேப்பர் கிடைக்கவில்லை சார்" என்று சொல்லாமல், ஜர்னல் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எழுதிய துண்டுச் சீட்டோடு போங்கள். அப்படி வருகிற மாணவருக்கு நூலகர்கள் மெனக்கெட்டு வேறு நூலகத்தில் கேட்டும் வாங்கித் தருவார்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் பேப்பரில் இருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நாலு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், தன் பேப்பரை ஒருவர் படிக்கக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது.

படி 6: பேப்பர் அல்லாதவை

சோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் முழுதாக உள்ளன. ஜர்னலில் இரண்டு வரியில் முடித்துவிடும் செய்முறை, ஆய்வேட்டில் பத்துப் பக்கத்துக்கு இருக்கும், பிசிஆர் சோதனைக்குப் போடும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களின் வரிசை உட்பட. பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், வரிகளை அப்படியே எடுத்தால் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிலும் அதே ஆய்வேடு இருக்கும்.

வைரஸின் மரபணு வரிசைகளுக்கு என்சிபிஐ வைரஸ் தளம். அங்கே நாடு, ஆண்டு, எந்த உயிரிலிருந்து எடுத்தது என்று வடிகட்டலாம், ஆகவே நம் ஏ226வி கேள்விக்கு நேரடியாகவே உதவும். நோயாளி எண்ணிக்கைக்குப் பத்திரிகைச் செய்தியை மேற்கோள் காட்ட வேண்டாம். பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான தேசியக் கட்டுப்பாட்டு மையத்தின் தளத்தில் மாநிலவாரி ஆண்டுப் பட்டியல் இருக்கிறது, நோய்ப் பரவல் பற்றிய வாராந்திர அறிக்கைகள் மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐடிஎஸ்பி தளத்தில்.

படி 7: சேர்ப்பதற்கு முன் ஒரு பார்வை

பேப்பரின் பப்மெட் பக்கத்தைத் திறந்து, திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பயோஆர்க்ஸிவ், மெட்ஆர்க்ஸிவ் இரண்டிலும் வருபவை பிற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முந்தைய பிரதிகள். அவற்றை எடுத்தால் அப்படியென்று குறிப்பிடுங்கள். சாட்ஜிபிடி போன்றவை தரும் மேற்கோள்களை நம்பி அப்படியே ஒட்டாதீர்கள். ஜர்னல் பெயர் சரியாக இருக்கும், ஆசிரியர் பெயரும் நம்பும்படி இருக்கும், பேப்பர் மட்டும் உலகத்திலேயே இருக்காது. ஒவ்வொன்றையும் பப்மெட்டில் தேடி, பிஎம்ஐடி எண் (பப்மெட் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண்) இருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள்.

படி 8: சேமிப்பு

மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் ஸோட்டெரோ மென்பொருள் இலவசம். போட்டுக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் மேற்கோள் பட்டியலைக் கையால் அடிக்கும் தண்டனை மிச்சம். எந்தத் தேதியில் எந்தத் தளத்தில் என்ன சொல் போட்டுத் தேடினீர்கள், எத்தனை வந்தன என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், கைடு நிச்சயம் கேட்பார். பப்மெட்டில் மை என்சிபிஐ கணக்கு ஒன்று தொடங்கி, படி 4-இல் சரியாக வந்த தேடலைச் சேமித்து "கிரியேட் அலர்ட்" கொடுத்துவிட்டால், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் வரை புதிதாக வரும் பேப்பர்கள் தானாகவே மின்னஞ்சலில் வந்து சேரும்.